பினாங்கிலிருந்து வராத கடிதம்

மரண தண்டனைக்கு அடுத்தபடியாகக் கும்பினி சர்க்கார் கையாண்ட கொடிய ஆயுதம் தீவாந்தர சிக்ஷையாகும். தூக்கிலிடப்பட்டவனுக்கு ஊரார் அறிந்த ஒரு முடிவேனும் உண்டு. கடல் கடத்தப்பட்டவனுக்கோ உயிரோடிருக்கையிலேயே ஊருமில்லை, உறவுமில்லை.

1801-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அத்துடன் கும்பினியாரின் கோபம் தணியவில்லை. 1802 பிப்ரவரியில் 70-க்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கை வேங்கன் பெரிய உடையாத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மைந்தன் துரைசாமி மற்றொருவர். அப்பொழுது அவருக்கு வயது சுமார் 15.

1818-ல் கும்பினிப் படை அதிகாரி வெல்ஷ், பினாங்கில் துரைசாமியைச் சந்தித்தார். முன்னாளில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் இந்த வெல்ஷ். தூத்துக்குடியில் அக்கைதிகளுக்குக் காவலிருந்தவரும் அவரே. முப்பது வயதளவில் இருக்கவேண்டிய வாலிபர் அடையாளம் தெரியாத கிழவராய் எதிரே நின்றார். ஊரில் எஞ்சியுள்ள குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டுமென்று வேண்டினார். அவ்விடத்து உத்தரவு இடந்தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். இதைத் தமது நினைவு நூலில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ராஜகுமாரனின் கதி இதுவானால் ஏழைக் குடியானவனின் கதி என்ன? 1825-ல் சென்னை ராஜதானிக் கைதிகள் 80 பேர் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். அந்நகரின் ரஸ்தாக்களையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் உருவாக்கியவை இந்தியக் கைதிகளின் கரங்களே. தீவாந்தரம் சென்றோரில் திருடரும் கொலைஞரும் இருந்தனர், நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றத்துக்குத் தண்டனை விதிப்பது நீதி. தண்டனையைச் சாக்கிட்டுக் குடியேற்றங்களுக்கு மலிவாக ஆள் சேர்ப்பது வியாபாரம்.

1955-ம் வருஷத்துத் திருத்தம் நமது தண்டனைச் சட்டத்திலிருந்து தீவாந்தர சிக்ஷையை நீக்கிற்று. தண்டனை ஒழிந்தது, நமது கடன் தீரவில்லை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சென்னை சர்க்காரின் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. அவற்றில் காணப்படும் தீவாந்தரக் கைதிகளின் பெயர், ஊர், குற்றம் முதலிய விவரங்களை ஜில்லாவாரியாகத் திரட்டி, தமிழில் பிரசுரிக்க சர்க்கார் முன்வர வேண்டும். சிவகங்கையானாலும் சரி, நமது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியானாலும் சரி, தன் ஊரிலிருந்து போனவர் யாரென்று அறிய ஒவ்வொரு கிராமத்தானுக்கும் உரிமையுண்டு.

துரைசாமியின் கடிதத்தை வெல்ஷ் சுமக்க மறுத்தார். சுதந்திர நாட்டினராகிய நாமும் மறுக்கலாமா?