மருந்துக் கடையும் அமானிதமும்

லெப்பைக்குடிக்காட்டில், பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, மருந்துச் சீட்டுடன் தனியே கடைக்கு வரும் முதியோர் பலர். ‘வாங்க அத்தா’ என்றழைத்து, எது உணவுக்கு முன், எது பின் என உறையில் தமிழில் எழுதித் தரும் மருந்தாளுநரின் கனிவு ஸதகாவில் சேரும் என்றே கருதுகிறேன்.

அதே மனிதர், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் மறுக்கிறார். ‘பழகிய முகத்துக்கு இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிக்கிறோம். மறுப்பும் கனிவுதான், நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதமல்லவா? தேவையின்றி விழுங்கிய மருந்து, தேவைப்படும் நாளில் கிருமியிடம் தோற்கும்.

2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள எச்1 விதிப்படி, செஃபிக்சிம் போன்றவற்றை விற்பவர் மருத்துவர், நோயாளி பெயர்களை ஏட்டில் பதிந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும். அவர் கையை விரிக்கும் நாளில், நன்றி சொல்லித் திரும்புவதில் நமக்கென்ன குறை?