இந்தத் தீபாவளிக்கு ஒரு கோடி



தீபாவளித் தள்ளுபடி தொடங்க இன்னும் சில வாரங்கள்தான். போனஸ் வந்த கையோடு நம்மில் பாதிப் பேர் ஸ்பீக்கர் கடையில் நிற்போம். அங்கே இருபது ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிளக்கிலிருந்து அது இழுப்பது வெறும் 60 வாட்ஸ். இதைப் பார்த்துச் சிரிக்கிற விவரமானவர்கள் நாம். ஆனால் லட்ச ரூபாய் ஜோடியை எதை நம்பி வாங்குகிறோம்? பத்திரிகை விமர்சகரின் உரிச்சொற்களை நம்பி. அந்த ஜோடியை அவருக்கு இரவல் கொடுத்தது கம்பெனி. அடுத்த பக்கத்து விளம்பரமும் அதே கம்பெனியுடையது. விமர்சகரைத் திட்டிப் பயனில்லை, அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே.

நானும் அப்படி ஏமாந்தவன். ஆறு வருடம் முன்பு ஒன்றேகால் லட்சம் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். படித்த விமர்சனம் மூன்றும் வெண்ணெய், வெண்ணெய் என்றே உருகியிருந்தன. வீட்டில் நாகஸ்வரம் போட்டேன். காதைக் கிழித்தது. ஆம்ப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன் (சிரிக்காதீர்கள், நீங்களும் மாற்றியவர்கள்தான்). கடைசியில் ஒலியை அளக்கும் மைக் ஒன்றும் இலவச மென்பொருளும் வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டி மொட்டைமாடிக்கு ஏறினேன். மென்பொருள் வரைந்த கோட்டில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 5 டெசிபலுக்கு ஒரு மேடு. ஒன்றேகால் லட்சத்துக்கு நான் வாங்கி வந்தது அந்த மேட்டைத்தான்!

மொட்டைமாடி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஸ்டூலின் மேல் வைத்த ஸ்பீக்கரின் ஒலி, தரையில் பட்டு ஆறு மில்லிசெகண்டில் மைக்குக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கோட்டை நம்ப முடியாது. பக்கவாட்டில் என்ன செய்கிறது என்று பார்க்க, பெட்டியைப் பத்துப் பத்து டிகிரியாகக் கையால் திருப்ப வேண்டும். பத்தொன்பதாவது திருப்பலில் தெரு நாய்கள் கச்சேரியைத் தொடங்கின. கீழ் வீட்டுக்காரர் போர் மோட்டாரைப் போட்டார். இறங்கி வந்துவிட்டேன்.

பக்கவாட்டு ஒலி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அறையில் நம் காதுக்கு வருவது நேர் ஒலி மட்டுமல்ல, சுவரிலும் கூரையிலும் பட்டு வருவதும் சேர்ந்துதான். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் பல வருடம் ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கேட்பவர்களை வைத்துச் சோதித்தார். நேரில் சமமாகவும் பக்கங்களில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்பினார்கள். 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்து ஊழியர்கள் 40 பேரை, ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் போடாமலும் கேட்க வைத்தார்கள். திரையை எடுத்ததும் மதிப்பெண் மாறியது. விலையுயர்ந்த பெரிய பெட்டிகள் ஏறின, சின்னது இறங்கியது. அவர்கள் ஒலித்துறையிலேயே வேலை பார்ப்பவர்கள்! நம் காது மட்டும் எப்படித் தப்பும்?

அதனால்தான் நமக்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள கிளிப்பெல் நிறுவனம் செய்யும் நியர் ஃபீல்ட் ஸ்கேனர். ஸ்பீக்கர் அசையாமல் நிற்கும். இயந்திரக் கை மைக்கை ஏந்திக்கொண்டு அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான புள்ளிகளில் நின்று நின்று கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து போகும் ஒலி எது, சுவரில் பட்டுத் திரும்புவது எது என்று கணிதம் பிரித்துவிடும். எதிரொலி இல்லாத கூடம் தேவையே இல்லை. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். அதை விழுங்கும் கூடம் கட்டுவதென்றால் நம்மூரில் கல்யாண மண்டபத்தையே விலை பேச வேண்டும். ஸ்கேனருக்கு ஒரு கார் ஷெட் போதும். சில மணி நேரத்தில் படுக்கைவாட்டிலும் செங்குத்திலும் பத்து டிகிரிக்கு ஒன்றாக 70 கோடுகள் கிடைக்கும். அமெரிக்காவின் சி.டி.ஏ.-2034 தரநிலை கேட்பது இதைத்தான். கம்பெனி ஆய்வகங்களுக்குள் அடைபட்டுக் கிடந்த இந்தக் கருவியை அங்கே தனி விமர்சகர்கள் சிலர் 2020-ஐ ஒட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வாசகர்கள் பணம் கொடுத்துத் தாங்குகிறார்கள்.

விலை ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். நம் பணத்தில் எண்பது லட்சத்துக்கு மேல். சுங்கம், வரி, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து ஒரு கோடி என்று வைத்துக்கொள்கிறேன். ஆயிரம் பேர், தலைக்குப் பத்தாயிரம். மொத்தமாக முடியாதவர்கள் மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் கட்டலாம். சீட்டுக் கட்டாதவர் நம்மில் யார்? இந்தச் சீட்டை யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் நோட்டுப் போட்டு எழுதுவதுபோல ஒவ்வொரு ரூபாயும் பெயரோடு எழுதப்படும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தயாரிப்பாளர், விற்பனையாளர், இறக்குமதியாளர் பணம் ஒரு பைசா உள்ளே வரக் கூடாது. 'ஐம்பது லட்சம் தருகிறோம், நிபந்தனை எதுவும் இல்லை' என்று ஒருவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் 1936-இல் தொடங்கியபோதே விளம்பரம் வாங்குவதில்லை என்று உறுதியாக நின்றது, சோதிக்கும் பொருளையும் கடையில் காசு கொடுத்தே வாங்கியது. நாமும் கடையில் வாங்கியதையோ உறுப்பினர் வீட்டிலிருந்து வந்ததையோதான் அளப்போம். வந்த கோடுகள், நமக்குப் பிடித்த பெட்டியின் மானத்தை வாங்கினாலும், அப்படியே வெளியாகும்.

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் டிரைவர் வாங்கி வீட்டிலேயே பெட்டி அடிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிராஸ்ஓவரைக் காதை வைத்தே எத்தனை நாள் திருத்துவீர்கள்? பெட்டியைக் கொண்டு வாருங்கள். பெரிய கம்பெனி பொறியாளர் பார்க்கும் அதே கோடுகளை நீங்களும் பார்ப்பீர்கள்.

கோடு பார்த்தா இசை கேட்பது என்று ஒரு அண்ணன் என்னிடம் சண்டைக்கு வந்தார். இல்லை அண்ணே, கோடு பார்த்து இசை கேட்க மாட்டோம். பாஸை உங்கள் அறைதான் பாதி தீர்மானிக்கும், அதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருபது ஜோடியில் எந்த மூன்றைக் கேட்பது என்று சொல்ல மட்டும் கோடு போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைத் திறக்கிறோம். தள்ளுபடிக்கு எடுத்து வைத்த பணத்தை இந்த வருடம் மட்டும் இங்கே திருப்பிவிடுங்கள். பழைய ஸ்பீக்கர் இன்னொரு வருடம் பாடும், ஒன்றும் ஆகிவிடாது. வரும்போது முதலில் எந்தப் பெட்டியை அளக்கலாம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். என் ஜோடியும் வரிசையில் இருக்கிறது. அந்த மேட்டைத் தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட மனமில்லாமல் இன்னும் வீட்டில்தான் வைத்திருக்கிறேன்.