எழுதுகிறவரின் திரை

இணையத்தில் வரும் எந்தச் செய்திக்கும் இரண்டு முகங்கள் உண்டு. வாசகர் பார்ப்பது ஒன்று. அதை உள்ளே ஏற்றி, திருத்தி, தலைப்பிட்டு வெளியிடும் உதவி ஆசிரியர் பார்ப்பது இன்னொன்று. வாசகர் பார்க்கும் பக்கத்தின் நிறம், எழுத்தளவு, படம் வரும் இடம் எல்லாவற்றையும் பற்றி நிர்வாகங்கள் கூட்டம் போட்டுப் பேசும். ஆசிரியர் குழுவின் திரைக்காகக் கூட்டம் நடந்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம். ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்தால் ‘அப்டேட்’ முடிந்திருக்கும், பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். பழகிய கை பழைய இடத்தையே தேடும். இப்படி வந்த மாற்றங்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் பார்த்தால், யாரைக் கேட்டு மாற்றினார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்ற கேள்வியே முழுக்க ஓடுகிறது.

தொடக்கத்தில் இரண்டு முகங்களும் ஒன்றாகத்தான் இருந்தன. 1990-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் உருவாக்கிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கலாம், அங்கேயே கர்சரை வைத்துத் திருத்தவும் செய்யலாம். ஆனால் நெக்ஸ்ட் கணினி மிகச் சிலரிடமே இருந்தது. 1993-இல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவி படிப்பதற்கானது. எழுத நினைத்தவர் எச்டிஎம்எல் குறிகளைக் கற்று, கோப்பை எஃப்டிபி வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று. எழுதும் உரிமை, நிரல் தெரிந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1999-இல் பிளாகர், 2001-இல் மூவபிள் டைப், 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்று அடுத்தடுத்து வந்தவை அந்த உரிமையை மீட்கும் முயற்சிகளே.

இவற்றில் வேர்ட்பிரஸின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பி2 என்ற கைவிடப்பட்ட ஒரு நிரலை எடுத்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடர்ந்தது அது. இன்று உலகின் வலைத்தளங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. தமிழிலும் இதழ்கள், பதிப்பகங்கள், தனி எழுத்தாளர்கள் என்று எத்தனையோ பேர் அதை நம்பியிருக்கிறார்கள். முதலில் அதன் எழுதும் திரை ஒரு வெறும் பெட்டி. தடித்த எழுத்து வேண்டுமென்றால் குறியைத் தட்டச்சு செய்ய வேண்டும். 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் டைனிஎம்சிஇ என்ற திருத்தி சேர்ந்த பிறகு, தடித்த எழுத்து திரையிலும் தடித்தே தெரிந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் உள்ளே சேமிக்கப்படுவது இன்னொன்றுமாகப் பிரிந்தது. வேர்டிலிருந்து எடுத்து ஒட்டிய செய்தியோடு அதன் குப்பைக் குறிகளும் சேர்ந்து வரும். பத்தி இடைவெளி தானாகக் கூடும், குறையும். குறியைக் கையால் எழுதிப் பழகியவர்கள் புதிய திருத்தியை நம்பாமல் ‘எச்டிஎம்எல்’ பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். அந்த அவநம்பிக்கையைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது தவறு. தான் எழுதியது எழுதியபடி இருக்குமா என்று கேட்பது ஆசிரியரின் முதல் கடமை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மாற்றங்களைத்தான் நான் பெரியவையாகக் கருதுகிறேன். வெளியீட்டு அறிவிப்புகளில் அவை பெரும்பாலும் நடுவில் எங்கோ ஒரு வரியாக வந்துபோகும். 2007 ஜனவரியில் வந்த 2.1 பதிப்பு, எழுத எழுதத் தானாகவே சேமிக்கத் தொடங்கியது. 2008 ஜூலையில் 2.6, ஒவ்வொரு திருத்தத்தின் முந்தைய வடிவத்தையும் வைத்துக்கொண்டது; யார் எந்த வரியை மாற்றினார் என்று பார்க்கலாம், பழையதை மீட்கலாம். 2013 ஆகஸ்டில் 3.6, ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் கட்டுரையை இன்னொருவர் அறியாமல் திறந்து மேலெழுதிவிடாதபடி பூட்டு போட்டது. இணையம் அறுந்தாலும் எழுதியது உலாவிக்குள்ளேயே தங்க வழி செய்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. மோடம் அணைந்த நொடியில் பாதிக் கட்டுரை போவது அன்று அன்றாடச் செய்தி. எங்கோ எழுதிய நிரல், திண்டுக்கல்லில் மின்வெட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவருக்கும் காவலாக நின்றது. பொத்தானின் நிறத்தை மாற்றியவர்களைவிட இந்த வேலையைச் செய்தவர்கள் எழுத்துக்கு அதிகம் செய்தவர்கள்.

நிறத்தையும் மாற்றினார்கள். 2008 மார்ச்சில் 2.5 பதிப்பு நிர்வாகத் திரையை முழுவதும் புதுப்பித்தது. பெயர்பெற்ற வடிவமைப்பு நிறுவனம் ஒன்று செய்த வேலை அது. ஆனாலும் அதே டிசம்பரில், ஒன்பதே மாதத்தில், 2.7 வந்து எல்லாவற்றையும் மறுபடி மாற்றியது. மேலே கிடந்த மெனு இடப்பக்கத்துக்கு இறங்கி நெடுக நின்றது. ஒரே ஆண்டில் இரண்டு முறை பழக வேண்டியிருந்தவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாவது மாற்றம் முதலாவதைப் போல வரவில்லை. இடையில் பயனர்களை உட்கார வைத்து, 2.5-இல் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு சோதனை வடிவத்தையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இடப்பக்க மெனு இன்றும் அங்கேயே இருக்கிறது. உட்கார வைத்துப் பார்த்ததால் கிடைத்த ஆயுள் அது என்றே நினைக்கிறேன்.

பத்து ஆண்டு கழித்து வந்தது பெரும் புயல். 2018 டிசம்பர் 6 அன்று வெளியான 5.0 பதிப்பில் பழைய எழுதும் பெட்டி போய், கூட்டன்பர்க் என்று பெயரிட்ட புதிய திருத்தி வந்தது. பத்தி, படம், மேற்கோள், பட்டியல் என ஒவ்வொன்றும் தனித்தனி ‘பிளாக்’. திட்டமிட்ட நாள் நவம்பரில் இரண்டு முறை தள்ளிப்போய், கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வேர்ட்பிரஸ் மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாளில் வெளியிட்டார்கள். ஆண்டு இறுதி, கடைகளுக்கு விற்பனைக் காலம். தளங்களைப் பராமரிப்பவர்கள் இப்போது வேண்டாம் என்று கேட்டும் நடக்கவில்லை.

கூட்டன்பர்க்கின் உள்ளமைப்பில் ஒரு நேர்மை இருந்ததையும் சொல்ல வேண்டும். எந்தப் பத்தி எந்த பிளாக் என்ற தகவலை அது எச்டிஎம்எல்லின் குறிப்பு வரிகளுக்குள் எழுதிவைக்கிறது. நாளையே திருத்தியை அகற்றினாலும் கட்டுரை படிக்கும்படியே கிடக்கும். பழைய கட்டுரைகளையும் அது கலைக்கவில்லை. பதினைந்து ஆண்டு எழுத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

தவறியது வேறிடத்தில். ஸ்கிரீன் ரீடர் வழியே காதால் கேட்டு, விசைப்பலகையால் மட்டும் வேலை செய்யும் பார்வையற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிய திருத்தி பழையதைவிடக் கடினமாக இருந்தது. இத்தகையவர்களும் பயன்படுத்த வழிசெய்யும் வேர்ட்பிரஸின் அணுகல் குழுவின் பொறுப்பாளர் 2018 அக்டோபரில் விலகினார். குழுவே வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. முறையான அணுகல் தணிக்கையை வேர்ட்பிரஸ் தரப்பு செய்யாமல் விட்டபோது, உயர்கல்வி நிறுவனங்களில் அதைப் பயன்படுத்துவோரின் அமைப்பான டபிள்யூபிகேம்பஸ் நிதி திரட்டி அணுகலைச் சோதிக்கும் டெனான் நிறுவனத்தைக் கொண்டு செய்ய வைத்தது. அறிக்கை வந்தது 2019 மே மாதம். திரை மாறி ஐந்து மாதம் ஆன பிறகு. வீடு கட்டி, பால் காய்ச்சி, குடியேறியபின் படிக்கட்டு இல்லையே என்று பார்ப்பது போலத்தான் இது.

பழைய திருத்தியை அப்படியே வைத்துக்கொள்ள உதவும் ‘கிளாசிக் எடிட்டர்’ பிளகினை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவின. 2021 இறுதிவரை பராமரிப்போம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 2022 என்றார்கள். பிறகு தேவைப்படும் வரை என்றார்கள். இந்த ஒத்திவைப்பைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. பழகிய கைக்கு அவகாசம் கொடுத்த அந்த முடிவு, 5.0 வெளியீட்டு நாளில் காட்டாத மரியாதையைத் தாமதமாகவேனும் காட்டியது.

நாஷ்வில் மாநாட்டில் முல்லன்வெக் மீதிப் பயணத்தையும் அறிவித்தார். முதல் கட்டம் எழுதும் திரை. இரண்டாவது, தளத்தின் மொத்த வடிவம். மூன்றாவது, பலர் சேர்ந்து திருத்துவது. நான்காவது, கடைசியாக, பல மொழி. மூன்றாம் கட்டத்தின் கனிகள் இப்போதுதான் வருகின்றன. 2025 டிசம்பரின் 6.9 பதிப்பில், கட்டுரையின் எந்த பிளாக்கிலும் சக ஆசிரியருக்குக் குறிப்பு எழுதிவைக்கலாம். அச்சு அலுவலகத்தில் புரூஃப் தாளின் ஓரத்தில் நூற்றாண்டுகளாக நடந்துவந்த வேலை திரைக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. மொழி இன்னும் வரிசையில் நிற்கிறது.

கடைசியில் நிற்பதன் விலையைத் தமிழ் ஆசிரியர்கள் தினமும் கொடுக்கிறார்கள். ஒரு கட்டுரையின் இணைய முகவரியை வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே உருவாக்குகிறது. அதற்குத் தரவுதளத்தில் 200 இடங்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிவதால், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம் போகிறது. மெய்யின் புள்ளியும், கொக்கியும், காலும் தனித்தனிக் குறியீடுகள். ஆக, 22 குறியீடுகளோடு முகவரி முடிந்துவிடும். ‘தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘தமிழ்நாட்டில்-உள்ளாட்சி’ என்று நின்றுவிடுகிறது, தேர்தலைக் காணோம். மறுநாள் உள்ளாட்சி நிதியைப் பற்றி அதே தொடக்கத்தோடு இன்னொரு கட்டுரை போட்டால், பின்னால் 2 என்ற எண்ணைச் சேர்த்து இரண்டையும் பிரிக்கும். சில தலைப்புகளில் ‘கோ’ வர வேண்டிய இடத்தில் வெறும் ‘க’ மிஞ்சும். இதனால்தான் பல தமிழ்த் தளங்களில் தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கில எழுத்தில் முகவரி அடிக்கச் சொல்லிப் புதியவர்களைப் பழக்குகிறார்கள்.

இதைச் சரிசெய்வது எளிதல்ல என்பது உண்மை. தரவுதள அட்டவணையின் நீளத்தைக் கூட்டினால் கோடிக்கணக்கான தளங்களில் அதைச் செய்தாக வேண்டும்; ஏற்கெனவே வெட்டுப்பட்டு வெளியான முகவரிகளும் உடையக் கூடாது. அதற்குக் காலம் பிடிக்கட்டும். ஆனால் தலைப்பின் எந்த இடத்தில் முகவரி வெட்டுப்படும் என்று எழுதும்போதே காட்டவும், வெட்டை எழுத்தின் நடுவில் வைக்காமல் சொல்லின் முடிவுக்கு நகர்த்தவும் எந்த அட்டவணையையும் தொட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸின் நிரல் யாரும் திறந்து பார்க்கக்கூடியது. திருத்தம் எழுதி அனுப்பும் வழியும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாவற்றுக்கும் இதே மூன்று பைட், இதே ஒன்பது இடம். இந்த மொழிகளில் தளம் நடத்தும் செய்தி நிறுவனங்கள் தங்கள் நிரலாளர்களின் சில வார உழைப்பை இதற்கு ஒதுக்கலாம். அந்தத் திருத்தத்தை எழுதுவதற்கு முன்பு அவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியரின் நாற்காலிக்குப் பக்கத்தில்.