கையேட்டில் விடுபட்ட ஒரு வரி



நிறுவனங்களின் சர்வர்களையும் டேட்டாபேஸ்களையும் ராத்திரி ஷிஃப்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் துணை, மென்பொருளோடு வரும் கையேடு. அது தவறாக இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதோடு போனால் பரவாயில்லை. எங்கள் ஏட்டுச் சுரைக்காய் சில நேரம் அடுப்பையே அணைத்துவிடுகிறது.

எங்களில் ஒருவர் ஒரு ஞாயிறு விடியற்காலை மென்பொருளின் வெர்ஷனை மாற்ற உட்கார்ந்தார். கையேட்டிலிருந்த கட்டளையை அப்படியே காப்பி செய்து ஒட்டினார், ஓடவில்லை. முக்கால் மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: அடுத்தடுத்து இரண்டு சிறு கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்தை அழகுபடுத்தியபோது ஒரே நீளக்கோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓடாததால் பிழைத்தார். ஓடிவிடும் பிழைதான் ஆபத்து.

விடுபட்ட வரியும் அப்படித்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். பின்தங்கிப்போன துணை டேட்டாபேஸை மீண்டும் அமைக்க, ஒரு பொறியாளர் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பேஸ்பேக்கப் என்ற நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கட்டளை பேசாமல் காத்திருக்கும். இது அவர்களுடைய உள்கையேட்டிலும் இல்லை, போஸ்ட்கிரெஸ் கையேட்டிலும் தெளிவாக இல்லை. பழைய கோப்புகள்தான் தடை என்று நினைத்து அவற்றை அழித்தார். துணை சர்வர் என்று நினைத்து அவர் அழித்தது முதன்மை சர்வரில். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப்பும், வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

இன்று போஸ்ட்கிரெஸ் கையேட்டில், அந்தக் கட்டளை தொடக்கத்தில் சும்மா இருப்பதுபோலத் தோன்றலாம் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு சின்னத் திருத்தம்.

எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். "ஏழாவது படியை நம்பாதே" என்பதுபோல ஒரு நோட்பேட் கோப்பு எங்கள் எல்லோரிடமும் உண்டு. அது எங்கள் கணினியைத் தாண்டுவதில்லை. அடுத்த ஊரில் இன்னொருவர் அதே ஏழாவது படியில் விழுகிறார்.

அதனால் கேட்கிறோம். தவறைக் கண்டால் எந்த வெர்ஷன், கையேடு சொன்னது என்ன, நடந்தது என்ன என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். போஸ்ட்கிரெஸ் கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இதற்கொரு படிவம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளென்றால் டிக்கெட் போடுங்கள். "டாக்குமென்ட் விஷயம்தானே" என்று அவர்கள் அதை மூடினால் மறுபடி திறங்கள்.

மேலாளர்களே, வாங்கும் முன் கையேட்டைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, யாரையும் கேட்காமல் சோதனைக் கணினியில் நிறுவச் சொல்லுங்கள். மென்பொருள் செய்கிறவர்களே, கையேடு எழுதுகிறவருக்கு அந்த மென்பொருள் ஓடும் ஒரு கணினியைக் கொடுங்கள். பல இடங்களில் அதுகூட இல்லாமல்தான் அவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை.

இந்த வாரம் உங்கள் நோட்பேடிலிருந்து ஒரு வரியையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணியிலிருக்கும் டேட்டாபேஸ் நிர்வாகிகள் சிலர்