எல்லாத் தலைசுற்றலும் சுகர் இறங்கியதால் அல்ல

காங்கேயம் பக்கத்துக் களங்களில் வெயிலில் காயும் கொப்பரையைக் குனிந்து கிளறுகிறவர் நிமிரும்போது கொஞ்சம் தள்ளாடினால் போதும். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவர்கள், "சுகரு எறங்கிருச்சாட்ட இருக்குதுங்க, ரெண்டு வாய் சக்கரையப் போடுங்க" என்று ஓடிவருவார்கள். அன்பில் குறையில்லை. கணிப்புதான் பல நேரம் தவறு.

சர்க்கரை தாழ்ந்தால் குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும். அளந்து பார்த்தால் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். அப்போது 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இந்த அறிகுறிகள் இருந்து, அளக்கும் கருவி கையில் இல்லையென்றால், காத்திராமல் இனிப்பு கொடுப்பதே சரி. ஆனால் வியர்வையும் நடுக்கமும் இல்லாமல், படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ மட்டும் உலகமே சுழல்கிறது என்பவருக்கும் அதே சர்க்கரையை ஊட்டுவது என்ன வைத்தியம்? அளவு 250-இல் நிற்கிறவருக்கு அது கூடுதல் கேடு.

உடலின் சமநிலையைக் கண், பாதம், உட்காது மூன்றும் சேர்ந்தே காக்கின்றன. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும், பாதத்தின் உணர்ச்சியை மங்கச் செய்யும் என்பது ஊரறிந்த செய்தி. உட்காதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்களும், கால்சியம் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் மெல்லிய தமனி அடைபட்டால் மாற்றுவழி கிடையாது. நீடித்த சர்க்கரை இத்தகைய நுண்குழாய்களைத்தான் தடிக்கச் செய்கிறது. உட்காதில் இன்னொரு சிக்கலும் உண்டு: பையிலிருந்து நழுவிய துகள் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் சுழற்சி வரும்.

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை 40 வயது கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை மெத்தென்ற பஞ்சுத்திண்டின் மேல் கண்மூடி நிற்க வைத்துச் சோதித்தார்கள். கண்ணும் பாதமும் உதவாத அந்த நிலையில் உட்காது மட்டுமே துணை. அதில் தடுமாறும் வாய்ப்பு விகிதம் சர்க்கரை நோயாளிகளுக்கு 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். இங்கே எத்தனை பேரை அப்படி நிற்க வைத்துப் பார்த்தோம்?

"பித்தம்", "வயசாச்சுங்க" என்பவையும் 'சுகரு எறங்கிருச்சு' போன்ற தவறான கணிப்புகள்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது இன்னும் மோசம். அந்த மாத்திரைகளில் சில, மூளை தானாகச் சமநிலையைப் பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் தரும். நழுவிய துகளையோ, பயிற்சி பெற்ற மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் சில நிமிடங்களில் இடம் சேர்த்துவிடலாம். எப்லி முறை என்று அதற்குப் பெயர், மாத்திரையே தேவையில்லை. எழுந்து நின்றதும் மட்டும் கண் இருட்டுகிறதென்றால் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் மரத்தால், உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறது. அந்தப் பணியாளர்கள் "இந்த வருசத்துல எங்கியாச்சும் விழுந்தீங்களா, தலைய திருப்புனா சுத்துதா?" என்று கூடுதலாகக் கேட்டு, ஆம் என்பவரைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பட்டும். அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கேள்விப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் நடந்துவிடும்.