வான்வழித் தீயணைப்பின்போது தரைப் பொறுப்பாளர் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
தீத் தடுப்புக் காவலர்கள் சங்கம்.

பெறுநர்:
வனத் தீத் தடுப்புப் பணிக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: காட்டுத் தீயை அணைக்க ஹெலிகாப்டர் வரவழைக்கப்படும்போது தரையில் அதற்கெனப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் மற்றும் இதர கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் எங்கள் சங்கம் ஏற்கெனவே அளித்த மூன்று மனுக்கள். 2. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் வழிகாட்டு நெறிகள். 3. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005.

மதிப்பிற்குரிய ஐயா,

தீக் காலத்தில் தினக்கூலிக்கும் தொகுப்பூதியத்துக்கும் மலையேறித் தீயடிக்கும் காவலர்களின் சங்கம் எங்களுடையது.

இது எங்களின் நான்காவது மனு. முதல் மனுவை ஒரு மாசி மாதத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றோம். பதில் வரவில்லை. இரண்டாவதைச் சித்திரையில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது என்று அதில் இல்லை. மூன்றாவது மனுவுக்குத்தான் முதன்முறையாகக் காரணம் சொல்லிப் பதில் வந்தது: "ஹெலிகாப்டர் இயக்கம் விமானப்படை சார்ந்தது, இவ்வலுவலகத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று." இந்தப் பதில் தவறு என்பதைக் காட்டவே இம்மனுவை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. முன் மனுக்களில் சொன்னதையே திரும்பச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவை படிக்கப்பட்டிருந்தால் திரும்பச் சொல்ல நேர்ந்திராது.

கோரிக்கை 1: தரைப் பொறுப்பாளர்

முதலில், நடந்தது. எங்கள் கோட்டத்தின் மேற்குச் சரிவில் தீப்பிடித்த மூன்றாம் நாள். ஒன்பது காவலர்கள் விடியற்காலையிலிருந்து பச்சைக் கிளையை ஒடித்துப் போதைப்புல்லில் ஓடும் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி வாக்கில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அது வரப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருந்த ஒரே வாக்கி டாக்கியில் சரக அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். வருகிறது என்று அங்கே தெரிந்திருந்தது. எந்தச் சரிவில் ஊற்றப்போகிறது என்று தெரியவில்லை. விமானியிடம் கேட்டுச் சொல்லவும் அங்கே வழியில்லை. அடுத்த சில நிமிடங்களில் காவலர்களின் தலைக்கு மேலே, சரிவின் மேற்பக்கத்தில் ஹெலிகாப்டரில் தொங்கிய நீர் வாளி திறந்தது. பட்டுப்போயிருந்த மரத்தின் கிளை முறிந்தது. தளர்ந்திருந்த கற்கள் உருண்டு வந்தன. எட்டுப் பேர் பாறை மறைவுக்கு ஓடித் தப்பினார்கள். ஒருவருக்குக் காரை எலும்பு முறிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தூளியாகக் கட்டி, கையை அதில் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்தே இறங்கினார். அவர் அணிந்திருந்த காக்கிச் சட்டை காய்ந்த புல்லின் நிறம். அதன் மேல் சாம்பல் வேறு. மேலிருந்து பார்ப்பவருக்கு அங்கே மனிதன் இருப்பது தெரிந்திருக்க வழியே இல்லை.

விமானியை நாங்கள் குறை சொல்லவில்லை. முதல் மனுவிலேயே இதை எழுதினோம். புகைக்குள், மலைக்காற்றில், கயிற்றில் தொங்கும் வாளியோடு அவர் செய்வது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. கீழே ஆள் இருப்பதை அவருக்குச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் கேட்கிறோம்.

விதி என்ன சொல்கிறது? மேலே பார்வை 2இல் கண்ட வழிகாட்டு நெறிகள், பேரிடர்க் களத்தில் யார் யார் என்னென்ன பொறுப்பில் இருக்க வேண்டும் என்று வகுத்தவை. மாநில அளவில் தலைமைச் செயலாளரும் மாவட்ட அளவில் ஆட்சியரும் பொறுப்பு அலுவலர்கள். வான் நடவடிக்கைகளுக்கென ஒரு நோடல் அலுவலர் உண்டு. களத்தில் வான் நடவடிக்கைக் குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். ஹெலிகாப்டர் இறங்குமிடத்துக்கு ஒரு பொறுப்பாளர். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனிப் பொறுப்பாளர். இந்தப் பதவிகள் ஹெலிகாப்டரை ஓட்டுவதற்கானவை அல்ல. ஓட்டுபவர் விமானப்படைக்காரர்தான். அவர் எங்கே இறங்குவது, எங்கே நீர் மொள்வது, எங்கே ஊற்றுவது, அங்கே யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் தரையிலிருந்து ஒழுங்கு செய்வதற்கே இந்தப் பதவிகள். இந்த ஆட்களை ஆபத்து வருமுன்பே பெயர் குறித்து, பயிற்சி கொடுத்து வைக்க வேண்டும் என்பதே அந்த நெறிகளின் அடிப்படை.

ஆகவே, "அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று" என்ற பதில் பொருந்தாது. ஹெலிகாப்டர் வேண்டும் என்று கேட்பது மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும். தீ எரிவது துறையின் காட்டில். ஹெலிகாப்டருக்குக் கீழே நிற்பவர்கள் துறை அனுப்பிய ஆட்கள். விமானப்படைக்கு எங்கள் ஒன்பது பேரின் பெயரும் தெரியாது, அவர்கள் நின்ற இடமும் தெரியாது. இரண்டும் தெரிந்தது துறைக்கு மட்டுமே. தெரிந்ததைச் சொல்லும் கடமையும் துறைக்கே உண்டு.

ஹெலிகாப்டர் வருவது எப்போதோ நடக்கும் அபூர்வம் என்றும் சொல்ல முடியாது. 2016இலும் 2021இலும் 2024இலும் உத்தராகண்டில் விமானப்படை வாளி கட்டிப் பறந்தது. நைனிடால் தீக்குப் பீம்தால் ஏரியிலிருந்து நீர் மொண்டார்கள். நாகாலாந்து–மணிப்பூர் எல்லையில் சூக்கோ பள்ளத்தாக்கு எரிந்தபோதும், 2022இல் சரிஸ்கா புலிகள் காப்பகம் எரிந்தபோதும் இதேதான் நடந்தது. நம் மாநிலத்தில் 2024 மார்ச்சில் குன்னூர் அருகே தீ பரவியபோது சூலூர் தளத்திலிருந்து எம்.ஐ.17 வி5 ரக ஹெலிகாப்டர் வந்து சுமார் 16,000 லிட்டர் நீரைக் கொட்டியது. இனி ஒவ்வொரு கோடையிலும் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

அந்த 16,000 லிட்டரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஊருக்குள் ஓடும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றிரண்டில் அந்த அளவு வந்துவிடும். எம்.ஐ.17இன் வாளி ஒரு நடைக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் கொள்ளும். வெயிலும் உயரமும் கூடக்கூட ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறைவதால் மலையில் அதையும் முழுதாக நிரப்ப முடியாத நாட்கள் உண்டு. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் நீர் தீயின் வேகத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆட்கள் புகுந்து விளிம்பை அடித்து, கட்டையைப் புரட்டி, கனலை மண்ணால் மூடாவிட்டால் பிற்பகல் காற்றில் அதே இடம் மறுபடி பற்றிக்கொள்ளும். எனவே ஊற்றும்போது எங்கள் ஆட்கள் விலகி நிற்க வேண்டும். ஊற்றியதும் உடனே உள்ளே போக வேண்டும். எப்போது விலகுவது, எப்போது புகுவது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அடிபடுவோம், அல்லது நீர் வீணாகும். ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் அதன் இறக்கைக் காற்றே அணையும் தீயை விசிறிவிடுவதையும் பார்த்திருக்கிறோம். எவ்வளவு உயரத்தில் வரலாம் என்பதைக்கூடத் தரையிலிருந்து பார்ப்பவரால்தான் சொல்ல முடியும்.

மொழிச் சிக்கலை முன் மனுக்களில் போதிய அளவு விளக்கவில்லை. எங்கள் காவலருக்கு இடம் தெரியும்: மூங்கில் பள்ளத்துக்கு மேலே, ஒற்றைப் பாறைக்கு இடதுகைப் பக்கம் என்பார். விமானிக்கு வேண்டியது அட்சரேகையும் தீர்க்கரேகையும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்திடமிருந்து வரும் செயற்கைக்கோள் எச்சரிக்கை நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தைத்தான் காட்டும். தீயின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதில் இராது. விமானி இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். எங்களில் பலர் தமிழும் இருளர் பேச்சும் மட்டுமே அறிந்தவர்கள். மூங்கில் பள்ளத்தை எண்ணாக மாற்றி மேலே சொல்லவும், மேலிருந்து வருவதைத் தமிழில் கீழே சொல்லவும் நடுவில் ஒருவர் வேண்டும். அவர் பக்கத்திலேயே, காட்டைக் கால்நடையாய் அறிந்த காவலர் ஒருவரும் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் காட்டுத் தீக்குப் போகும் ஹெலிகாப்டருக்கென மேலாளர் ஒருவர் தரையில் நியமிக்கப்படுகிறார். எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற கணக்கில் விமானியோடு அவரும் கையெழுத்திடுகிறார். பறந்த நேரத்தைக் குறித்துவைக்கிறார். ஒரு விமானி நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, 14 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்ற வரம்பு மீறப்படாமல் பார்த்துக்கொள்கிறார். இத்தனை ஏற்பாடு இருந்தும் 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மென்டசினோ தீயில், பெரிய விமானம் ஒன்று தாழப் பறந்து கொட்டிய தீத்தடுப்புத் திரவம் மோதி மரம் சாய்ந்தது. கீழே நின்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். அங்கேயே அப்படியென்றால், எந்த ஏற்பாடும் இல்லாமல் நிற்கும் எங்கள் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத் தீயையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தொடங்கிய அந்தத் தீயில் 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் இருட்டில் பள்ளத்துக்குள் இறங்கியவர்களும், வெந்துபோன பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஏற்றியவர்களும் அந்தப் பகுதி மக்களும் களப்பணியாளர்களும்தான். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வரவேற்கிறோம். தீயடிப்பவருக்கான விதி 2010லிருந்தே இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும்படி மட்டுமே கேட்கிறோம்.

எனவே முதல் கோரிக்கையில் நாங்கள் வேண்டுவது: தீக் காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் தரைப் பொறுப்பாளர் ஒருவரையும், அவர் இல்லாதபோது பார்க்க மாற்று ஆள் ஒருவரையும் பெயர் குறித்து எழுத்தில் ஆணையிட வேண்டும். விமானியோடு பேசும் வயர்லெஸ் வசதி அவர் கையில் இருக்க வேண்டும். நீர் மொள்ளும் அணையும் ஏரியும் மின்கம்பி இல்லாதவையா, மீன்வலை இல்லாதவையா என்று அவர் முன்கூட்டியே பார்த்துப் பட்டியலிட வேண்டும். சரிவில் உள்ள அனைவரும் விலகிவிட்டார்கள் என்று அவர் ஆள் எண்ணிச் சொன்ன பிறகே வாளி திறக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி வரி ஆணையில் இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆணை பிறப்பிக்க இயலாது எனில், எந்த விதியின்படி இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கோரிக்கை 2: தீயடிக்கும் காவலர் அனைவருக்கும் தொலைவிலிருந்து தெரியும் நிறத்தில் பருத்தி மேற்சட்டை, தலைக்கவசம், தோல் காலணி வழங்க வேண்டும்.

கோரிக்கை 3: ஹெலிகாப்டர் இறங்குமிடத்தைச் செதுக்கி, சுண்ணாம்புக் குறியிட்டு, தூசி அடங்க நீர் தெளிக்கும் வேலைக்குத் தனிக் கூலி கணக்கிட வேண்டும்.

கோரிக்கை 4: தீத் தடுப்புக் கோடு வெட்டும் பணியைப் பருவத்தோடு முடிக்க நிதியை உரிய காலத்தில் விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை 5: பணியில் காயமடையும் காவலருக்கு மருத்துவச் செலவும், படுக்கையில் இருக்கும் நாட்களுக்குக் கூலியும் வழங்க வேண்டும். காரை எலும்பு முறிந்த காவலருக்கு இதுவரை இரண்டும் கிடைக்கவில்லை.

கோரிக்கை 6: ஒவ்வொரு தீயடிப்புக் குழுவுக்கும் மாற்று பேட்டரியுடன் இரண்டு வாக்கி டாக்கிகள் வழங்க வேண்டும்.

முந்தைய மூன்று மனுக்களின் நகலும், ஒப்புகைச் சீட்டும், வந்த இரண்டு பதில்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் நேரம் ஒதுக்கினால், அன்று சரிவில் நின்ற ஒன்பது பேரும் நேரில் வந்து நடந்ததைச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறார்கள்.

தை பிறந்தால் புல் காய்ந்துவிடும். அதற்கு முன் ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கத்தின் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி)