அக்கா அடித்தார்... சார் அமுக்கினார்!

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச சார் யாருங்க?"

ஒரு மாதமாக நகராத சான்றிதழைத் தேடி ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய் நான் கேட்ட கேள்வி இது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஆய்க்குடிக்காரன், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்!

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"சாருக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும். பரவாயில்லையா?"

சுருக்கென்றது. பத்தே நிமிஷத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் கொடுத்த நகலில் ஒரு பக்கம் மங்கல். திரும்ப ஸ்கேன் பண்ணி ஏற்றினார்.

"அப்போ முடிஞ்சுதாக்கா?"

"டிஜிட்டல் கையெழுத்து போடணும். அந்தக் குச்சி சார் பையில இருக்கு. சார் டீக்கடையில இருக்கார்."

சார் வந்தார். பென் டிரைவ் மாதிரி ஒன்றைச் செருகினார். "எதைம்மா அமுக்கணும்?" அக்கா காட்டினார். சார் அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்துப் பெருமையாக, "பாத்தீங்களா தம்பி, நொடியில முடிச்சிட்டேன்!"

"போன தடவை டிரெயினிங்குக்கும் சார்தான் போனார்" என்றார் அக்கா மெதுவாக. "சாப்பாடு நல்லா இருந்துச்சாம்."

யோசித்துப் பாருங்கள். டைப்ரைட்டர் புதுசாக வந்த காலத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் கற்று பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் எத்தனை பேர்! அப்போது அது கௌரவமான வித்தை. பெண்கள் கற்றுக்கொண்டதும் 'வெறும் டைப்பிங்' ஆகிவிட்டது. நானும் இன்ஸ்டிடியூட் போனவன்தான். என் வேகத்தைப் பார்த்துப் பக்கத்து மெஷின் பெண்ணுக்குக் கொட்டாவி வரும்!

தமிழ்நாட்டு அரசு வேலையில் பெண்களுக்கு 1989-ல் 30 சதவீதம் ஒதுக்கினார்கள். 2021-ல் அதை 40 ஆக்குவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல விஷயம். நாற்காலி கிடைத்தது. பெயர் கிடைத்ததா?

வேலை சரியாக வந்தால், "நான் முடிச்சிட்டேன்." தப்பாகிவிட்டால், "அந்தம்மா தப்பா அடிச்சிட்டாங்க." பி.காம். பாஷையில் சொன்னால், வரவெல்லாம் சார் கணக்கில், பற்றெல்லாம் அக்கா கணக்கில். இது எந்த ஊர் பேலன்ஸ் ஷீட் சார்?

சாரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டவன் யார்?

வெளியே வரும்போது, மனுவோடு வந்த ஓர் அண்ணாச்சி வாசலில் மறித்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் தெரிஞ்ச சார் யாரு?"

"சார் இல்ல அண்ணாச்சி... அக்கா!"